“சும்மாதான் இருக்கேன், டீச்சர்”

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றுக்கு என்னைப் போட்டிருந்தார்கள். பிப்ரவரி 9 முதல் 28 வரை, பள்ளி விட்டதும் படிவக் கட்டோடு தெருவில் இறங்கிவிடுவேன். வீட்டுக்கு வீடு 29 கேள்வி. பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து கேட்டபோது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

குடும்பம் எது என்பதிலேயே மாட்டிக்கொண்டேன். ஒரே ஓட்டு வீடு. மாமியாருக்கு ஒரு அடுப்பு, மருமகளுக்கு ஒரு அடுப்பு. உலை தனியென்றால் குடும்பமும் தனி. “ரேஷன் கார்டு ஒண்ணுதானே டீச்சர், வெட்டிப்புடுவாங்களா?” என்று மருமகள் பதறினாள். கார்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று புரியவைக்க அரைமணி நேரம் ஆனது.

வயது கேட்டால் சரித்திரம் வரும். “எம்.ஜி.ஆர். செத்தப்ப பெரியவ கைப்புள்ள.” அது 1987 டிசம்பர், ஆக மகளுக்கு 23. தாய்க்கு? “நாப்பதோ நாப்பத்தஞ்சோ, நீங்களே பாத்துப் போடுங்க.”

என் பள்ளிப் பையன் ஒருவன், ஆறு வயது, நான் எழுதுவதை எட்டிப் பார்த்துத் தன் பெயரைக் கடகடவென்று வாசித்தான். ஏழு வயது ஆகாதவர் படிக்கத் தெரிந்தாலும் எழுத்தறிவற்றவர் என்பது விதி. அவன் கண்ணெதிரே அப்படியே குறித்தேன். சாதி விஷயத்தில் வேறு சங்கடம். பட்டியல் சாதி, பழங்குடி என்றால் மட்டும்தான் அப்போது பெயர் எழுத வேண்டியிருந்தது. “எங்க சாதிய ஏன் எழுதல?” என்று ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டார்.

என்னைத் திணறடித்தது வேலை பற்றிய கேள்விதான். “கடந்த ஒரு வருஷத்துல வேலை செஞ்சீங்களா?” என்றால் பெண்கள் எல்லோரும் ஒரே பதில்: “வீட்ல சும்மாதான் இருக்கேன்.” முதல் நாள் எட்டு வீட்டில் அப்படியே குறித்துவிட்டேன். ஒன்பதாவது வீட்டு அக்கா அதைச் சொல்லும்போதே மடியில் பருத்திச் சுளை. காய்ந்த தோட்டை நீக்கி நீக்கிக் குவித்துக்கொண்டிருந்தார். “இது யாரு காட்டுது?” “நம்மளுதுதான்.” “எடுத்தது?” “நான்தான், வேற யாரு?” களை எடுப்பு, சின்ன வெங்காயம் அறுப்பு, நூறு நாள் வேலை என்று ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க ஆறு மாதத்தைத் தாண்டியது. சொந்தக் காட்டில் கூலியில்லாமல் உழைத்தாலும் வேலைதான். வீட்டுக்கு மட்டும் பால் கறக்கிற மாடு வைத்திருந்தாலும் வேலைதான். கையேட்டில் தெளிவாக இருக்கிறது. நான்தான் கேட்கத் தெரியாமல் கேட்டிருக்கிறேன்.

அதன் பிறகு “வேலை செஞ்சீங்களா” என்று ஆரம்பிப்பதையே விட்டுவிட்டேன். “காலைல எந்திரிச்சதுலேருந்து சொல்லுங்க” என்பேன். ஒரு வீட்டுக்கு இருபது நிமிடம் கூடியது. சூப்பர்வைசர் “இன்னும் முடிக்கலையா” என்று தினமும் போன் போட்டார்.

பிப்ரவரி 28 நள்ளிரவுதான் கணக்கின் எல்லைக்கோடு. மார்ச் 1 முதல் 5 வரை மறுபடி தெருத்தெருவாகப் போய், இடையில் பிறந்தவரைச் சேர்த்து, இறந்தவரை அடிக்க வேண்டும். மார்ச் 2-ல் பிறந்த பேத்தியை ஏன் சேர்க்கவில்லை என்று ஒரு பாட்டி என்னை விடவேயில்லை.

அந்தச் சுற்றிலேயே முதல் நாள் வீடுகளுக்கும் போனேன். ஆறு வீட்டில் திருத்த முடிந்தது. இரண்டு வீடு பூட்டிக் கிடந்தது. கரும்பு வெட்டப் போய்விட்டார்களாம், குடும்பத்தோடு. அந்த இரண்டு படிவத்திலும் அவர்கள் ‘வேலை செய்யாதோர்’.