பாதியில் நிற்கும் ஒட்டுப்போர்வை, ஒற்றைக் கையோடு நிற்கும் ஸ்வெட்டர்

ஒட்டுப்போர்வை எந்த இடத்தில் நின்றுபோகும் என்று தைக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். துண்டுத் துணிகளை இணைத்த மேல்துணி முழுக்க ஒட்டுப்போட்டு முடிந்திருக்கும். நடுத்துணி, அடித்துணி இரண்டையும் சேர்க்கிற இடத்தில் மடித்து அலமாரிக்குப் போயிருக்கும். ஸ்வெட்டர் என்றால் முதுகும் முன்பக்கமும் ஒரு கையும் முடிந்து, இரண்டாவது கையில் நிற்கும். இதை ஆளுடைய சோம்பல் என்று சொல்வது எளிது. உண்மையில் திட்டம் போட்ட விதத்திலேயே அந்த நிறுத்தம் இருக்கிறது. வெட்டுவதற்கு முன்பே அதை எடுத்துவிடலாம்.

முதலில் போர்வை. ஒற்றைக் கட்டிலுக்கு 60 × 90 இஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். தைத்தபின் 6 இஞ்ச் வரும் சதுரங்கள், குறுக்கே 10, நெடுக்கே 15, மொத்தம் 150. வெட்டும்போது கால் இஞ்ச் தையல் இருபுறமும் சேர்த்து 6½ இஞ்ச். 44 இஞ்ச் அகலத் துணியில் கரையை நீக்கிவிட்டு ஒரு வரிசைக்கு 6 சதுரம் கிடைக்கும். நாலேகால் மீட்டரில் 25 வரிசை, சரியாக 150. அதில் ஒரு சதுரம் கெட்டாலும் கை கடிக்கும் என்பதால் நாலரை மீட்டராக எடுப்பது நல்லது. ரவிக்கைத் துணிகளை வைத்துச் செய்வதென்றால், 80 செ.மீ. நீளமும் 36 இஞ்ச் அகலமும் உள்ள ஒரு துணியில் 20 சதுரம்தான் வரும். எட்டுத் துணி வேண்டும். விசேஷங்களில் தாம்பூலத்தோடு வந்து சேர்ந்த ரவிக்கைத் துணிகள் எந்த வீட்டிலும் அதற்குமேல் இருக்கும்.

ஆனால் அவற்றை அப்படியே கலக்கக் கூடாது. டூ பை டூ என்ற பெயரில் கொடுக்கும் ரவிக்கைத் துணியில் பாலியஸ்டர் கலந்தது நிறைய. ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவித் தீக்குச்சியில் காட்டினால் பருத்தி சாம்பலாகும். கலப்புத் துணி உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தைத்தால் துவைத்ததும் பருத்தி சுருங்கும், மற்றது சுருங்காது, சதுரம் பலூன் மாதிரி உப்பும். பழைய புடவையும் புதுப் பாப்ளினும் அடுத்தடுத்து வருவதிலும் வில்லங்கம் உண்டு. தையல் ஓரத்தில் பழையதுதான் முதலில் கிழியும். இரண்டு கட்டை விரலுக்கு நடுவில் பிடித்து இழுத்துப் பாருங்கள். இழை விலகினால் அந்தத் துணியை மேல்துணிக்கு எடுக்காமல் நடுத்துணிக்கு வைத்துக்கொள்ளலாம்.

மதுரையில் ஒட்டுப்போர்வை என்றால், முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் சுங்குடித் துணி இல்லாமல் இருக்காது. மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு 2005-லேயே வந்துவிட்டது. ஆனாலும் கடையில் அந்தப் பெயரில் விற்பதில் மெழுகு அச்சும் ஸ்க்ரீன் அச்சும் நிறைய. தைக்கிறவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். கையால் முடிச்சுப் போட்ட துணியில் முடிச்சு இருந்த இடமெல்லாம் சின்னதாகக் குழிந்து மேடாகி நிற்கும். அப்படியே அளந்து வெட்டினால், முதல் துவைப்பில் சுருக்கம் விரிந்து சதுரம் பெரிதாகிவிடும். அதனால் தண்ணீரில் ஊறவைத்துக் கஞ்சியை முழுக்க எடுத்து, ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே தேய்த்துத் தட்டையாக்கிய பிறகுதான் கத்தரி வைக்க வேண்டும். அச்சுத் துணிக்குச் சுருக்கத் தொல்லை இல்லை. சாயம் மட்டும் பார்க்க வேண்டும்.

சாயத்துக்குக் கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைக்கிற பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. சாயத் தொட்டியில் உப்புக்கு வேலை இருக்கிறது, அங்கே அது சாயத்தை நூலுக்குள் தள்ள உதவும். துணியாகி வீட்டுக்கு வந்தபின், ஒட்டாமல் நிற்கும் சாயத்தை உப்பு பிடித்து வைக்காது. நனைத்த துணிமேல் வெள்ளைத் துணி ஒன்றை வைத்துச் சூடான பெட்டியால் அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் இன்னும் அலச வேண்டும். நாலைந்து அலசலுக்குப் பிறகும் அரக்கு நிறம் ஏறிக்கொண்டே இருந்தால், அது வெள்ளைச் சதுரத்தின் பக்கத்தில் உட்கார வேண்டிய துணி இல்லை.

அடுத்தது கால் இஞ்ச் தையல். போர்வையின் அளவு முழுக்க இதில்தான் இருக்கிறது. ஆசாரிகள் ஒரு இஞ்சை எட்டு நூலாகப் பிரிப்பார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் கால் இஞ்ச் என்பது இரண்டு நூல். தையல் அரை நூல் உள்ளே போனால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். ஒவ்வொரு தையலிலும் இரண்டு துணி இருப்பதால் இழப்பு ஒரு நூல். பத்துச் சதுர வரிசையில் ஒன்பது தையல். ஆக ஒன்பது நூல், ஒரு இஞ்சுக்கும் மேலே குறையும். ஒரு வரிசை சரியாகவும் அடுத்த வரிசை இப்படியும் வந்தால் மூலைகள் எந்தக் காலத்திலும் சேராது. மிஷின் தட்டில் ஊசியிலிருந்து சரியாகக் கால் இஞ்ச் தள்ளி இன்சுலேஷன் டேப்பை நாலைந்து மடிப்பாக ஒட்டி, அதையே மதிலாக வைத்துத் துணியை ஓட்டினால் போதும். தையலைத் தேய்க்கும்போது ஒற்றைப்படை வரிசைகளில் மடிப்பு வலப்பக்கம், இரட்டைப்படை வரிசைகளில் இடப்பக்கம். வரிசைகளை இணைக்கையில் மடிப்புகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு மூலை தானாகச் சேரும்.

இனி நின்றுபோகிற அந்த இடம். 60 × 90 மேல்துணியை மொத்தமாகத் தைத்துவிட்டால், மூன்று துணியையும் விரிக்கக் கூடத்தையே காலி செய்ய வேண்டும். நாலு இஞ்சுக்கு ஒரு ஊக்கு என்றால் முந்நூறுக்கு மேல் ஊக்கு வேண்டும். வேர்வையும் ஈரமும் பட்டுச் சில வாரத்தில் ஊக்கு துருப்பிடித்து வைக்கிற கறை போகவே போகாது. அதோடு சாதாரணக் கால்மிதி மிஷினின் கழுத்துக்குள் போர்வைச் சுருட்டல் நுழையாது. இத்தனையும் ஒரே நாளில் முடிய வேண்டிய வேலையாக எதிரே நிற்கும்போது யாராக இருந்தாலும் மடித்துத்தான் வைப்பார்கள்.

ஆகவே மேல்துணியை ஒன்றாக்காதீர்கள். நெடுக்கே போகும் பத்து வரிசையை 3, 4, 3 என்று மூன்று பட்டையாக நிறுத்துங்கள். 18, 24, 18 இஞ்ச் அகலத்தில் மூன்று நீளப் பட்டை. அடித்துணியும் நடுத்துணியும் எல்லாப் பக்கமும் 2 இஞ்ச் கூடுதலாக இருக்க வேண்டும், அதாவது 22, 28, 22 இஞ்ச் அகலம், 94 இஞ்ச் நீளம். ஐந்தரை மீட்டர் புடவை ஒன்றில் 94 இஞ்சில் இரண்டு நீளம் வெட்டினால், முதலாவதில் 22-ம் 22-ம் வரும், இரண்டாவதில் 28 வரும். முந்தானை தனியாக மிஞ்சும். எங்கும் ஒட்டுப்போட வேண்டியதில்லை. அதனால் அடித்துணிக்கு ஒரு பருத்திப் புடவை, நடுத்துணிக்கு இன்னொன்று. அவ்வளவுதான்.

நடுவில் பாலியஸ்டர் ஃபைபர் வைக்கச் சொல்லும் வீடியோக்கள் குளிர் ஊருக்கு எடுத்தவை. மதுரையில் அதைப் போர்த்திக்கொண்டு தூங்க முடியாது. போடிப் பக்கத்து இலவம்பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் அருமையானது, ஆனால் இதற்கு ஆகாது. வழவழப்பான சின்ன இழை, ஒன்றையொன்று பிடிக்காது, நாலு துவைப்பில் மூலைக்கு ஓடிக் கட்டியாகும். நைந்த வாயில் (voile) புடவையோ பழைய வேட்டியோ நகராது, சீக்கிரம் காயும். கொடைக்கானலில் இருப்பவருக்குக் கொடுப்பதென்றால் அதே புடவையை இரண்டு மடிப்பாக வைக்கலாம்.

பட்டை சின்னது என்பதால் ஊக்கே வேண்டாம். தரையில் அடித்துணியின் நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, சுருக்கம் போகும் அளவுக்கு மட்டும் இழுத்து, ஓரங்களில் டேப் ஒட்டுங்கள். விறைக்க இழுத்தால் டேப்பை எடுத்ததும் துணி சுருங்கி மேல்துணி கொசுவிக்கொள்ளும். அதன்மேல் நடுத்துணி, மேல்துணி. வெள்ளை நூலில் இரண்டு இஞ்ச் நீளத்துக்கு, நாலு விரல் இடைவெளியில், நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நூலோட்டம், பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல். கலர் நூலில் ஓட்டினால் பிரிக்கும்போது வெளிர் துணியில் தூசு மாதிரி இழை தங்கும்.

மூன்று துணியையும் சேர்த்து வரிவரியாக மிஷினில் ஓட்டும்போது பாதத்தின் அழுத்தத்தை மேலே உள்ள திருகில் கொஞ்சம் தளர்த்துங்கள். கீழே உள்ள பல் அடித்துணியை மட்டும் இழுக்க, பாதம் மேல்துணியைத் தள்ளிக்கொண்டு வருவதால்தான் வரி முடிவில் மடிப்பு விழுகிறது. 14-ம் நம்பர் ஊசி, இஞ்சுக்கு எட்டுத் தையல். நடு வரியில் தொடங்கி வெளிப்பக்கம் போக வேண்டும், எல்லா வரியும் மேலிருந்து கீழாக ஒரே திசையில். ஒன்று மேலிருந்து, அடுத்தது கீழிருந்து என்று மாறி மாறி ஓட்டினால் சதுரங்கள் சாய்சதுரமாகும். கையால் ஓட்டுபவர்களுக்கு நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம், நீண்ட நூல் துணிக்குள் போய்ப் போய்த் தேய்ந்து அறும். எந்த முறையானாலும் பட்டைகள் சேரும் பக்கத்தில் கடைசி ஒரு இஞ்ச் தையல் இல்லாமல் விடுங்கள்.

அந்த ஒரு இஞ்சில்தான் இணைப்பு. அடித்துணிகளையும் நடுத்துணிகளையும் பின்னால் மடித்து ஒதுக்கி, மேல்துணிகளை மட்டும் நல்ல பக்கம் நல்ல பக்கமாக வைத்துக் கால் இஞ்சில் தைக்க வேண்டும். கவிழ்த்துப் போட்டு, நடுத்துணி இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விளிம்போடு விளிம்பு தொடும்படி வெட்டிச் சுற்றுத்தையல். ஏறினால் போர்வை நெடுக ஒரு தழும்பு தெரியும். பிறகு ஒரு அடித்துணியைத் தட்டையாக விட்டு, மற்றதன் ஓரத்தை அரை இஞ்ச் மடித்து அதன்மேல் வைத்து எம்மிங்.

போர்வையின் ஓரத்தை மூடித் தைக்கும் சுற்றுப்பட்டிக்கு 2½ இஞ்ச் அகலத்தில் எட்டுப் பட்டை, 44 இஞ்ச் துணியில் 60 செ.மீ. போதும். நேர் ஓரத்துக்குச் சாய்வாக வெட்டிய கிராஸ் துணி தேவையே இல்லை, துணி வீண்.

இனி பின்னல். இங்கே முதல் கேள்வி நூல். மதுரைக்குள்ளேயே உடுத்துவதற்கு என்றால் பருத்தி நூல். கொடைக்கானலுக்கோ பெங்களூருக்கோ அனுப்புவது என்றால் அக்ரிலிக் அல்லது கம்பளி. பருத்திக்கு நீண்டு மீளும் குணம் குறைவு, அதோடு கனம். உடுத்த உடுத்தக் கீழே தொங்கும். அதனால் உடல்பகுதியைக் கொஞ்சம் குட்டையாகவே பின்ன வேண்டும், இடுப்புப் பட்டிக்கு ஊசியை இரண்டு அளவு குறைக்க வேண்டும்.

ஊசி நம்பரில் பலரும் ஏமாறுகிறார்கள். நம் கடைகளில் பழைய பிரிட்டிஷ் நம்பர்தான் புழக்கம், எண் கூடக் கூட ஊசி மெலியும். 8-ம் நம்பர் 4 மி.மீ., 10-ம் நம்பர் 3.25 மி.மீ. அமெரிக்கப் பேட்டர்னில் 8 என்றால் 5 மி.மீ. அங்கே எண் கூடினால் ஊசி தடிக்கும். மில்லிமீட்டரை மட்டும் நம்புங்கள்.

மாதிரித் துண்டு பின்னாமல் தொடங்குவது பாதி ஸ்வெட்டர்களைக் கொன்றிருக்கிறது. 4 இஞ்சுக்கு 22 கண்ணி என்ற கணக்கில் 36 இஞ்ச் சுற்றளவுக்கு 198 கண்ணி. உங்கள் கை தளர்ந்து 20 கண்ணிதான் வருகிறது என்றால் அதே 198 கண்ணி 39½ இஞ்சுக்கு மேலே போகும். அக்குள் வரை பின்னிய பிறகு இது தெரியவரும்போது யாருக்கும் பிரிக்க மனம் வராது. துண்டு 6 இஞ்ச் இருக்கட்டும், துவைத்துக் காயவைத்து நடுவில் உள்ள 4 இஞ்சை அளக்க வேண்டும்.

இரண்டாவது கைக்கு ஒரே மருந்துதான். இரண்டு கையையும் ஒரே ஊசியில், இரண்டு நூலுருண்டை வைத்து, சேர்த்தே பின்னுங்கள். அங்கே ஒரு வரி, இங்கே ஒரு வரி. கண்ணி கூட்டுவதும் குறைப்பதும் ஒரே வரியில் விழும். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்ற பேச்சே இல்லை. நூலையும் தொடக்கத்திலேயே மொத்தமாக வாங்குங்கள், லேபிளில் உள்ள சாய லாட் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து. பிறகு வாங்கியது வேறு லாட்டாக அமைந்துவிட்டால், பழையதில் இரண்டு வரி, புதியதில் இரண்டு வரி என்று கலந்து போனால் கோடு தெரியாது.

பங்குனி, சித்திரையில் கை வேர்ப்பதால் கண்ணி இறுகும், அலுமினிய ஊசியின் கருமை வெள்ளை நூலில் ஏறும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்வது மேல். பவுடர் பூசினால் கருநீல நூலில் வெள்ளையாய்த் தெரியும். வெயில் மாதங்களில் தைப்பதற்கும் பின்னுவதற்கும் விடிகாலையை விட்டால் நேரமில்லை. மத்தியானத்தில் கணக்கு எழுதலாம், சதுரம் வெட்டலாம்.

எடுத்துவைக்கிற முறையில்தான் திரும்பத் தொடுவோமா என்பது இருக்கிறது. வரியின் நடுவில் நிறுத்தாதீர்கள். மாதக்கணக்கில் ஊசியில் நின்ற கண்ணிகள் நீண்டு கோடாகிவிடும், அதனால் மறுபடி தொடங்கும்போது இரண்டு வரி பிரித்துவிட்டே தொடங்க வேண்டும். ஒரு வேலைக்கு ஒரு மஞ்சப்பை. உள்ளே ஒரு சீட்டில் ஊசி மி.மீ., முடிந்த வரி எண், அடுத்து செய்ய வேண்டியது என்ன என்று மூன்றே வரி. பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் தங்கும். கஞ்சி போகாத துணியை ராமபாணப் பூச்சி தேடி வரும். கம்பளியை அந்துப்பூச்சி வெட்டும், அதற்குப் பாச்சை உருண்டையைச் சின்னத் துணியில் முடிந்து போடுங்கள். அக்ரிலிக்கையும் பருத்தியையும் அந்து சீண்டாது.

முடிந்த போர்வையை உப்புச் சத்துள்ள போர்வெல் தண்ணீரில் துவைத்தால் சோப்பு நுரைக்காமல் வெள்ளையாய்ப் படிந்து துணி விறைக்கும். தூளைக் குறைத்து ஒரு அலசல் கூட்டுங்கள். மாடியில் ஒற்றைக் கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் மடிப்பு விழுந்த இடத்தில் தையல் இழுபடும். இரண்டு கொடியில் பரத்தி, அடித்துணி வெயிலைப் பார்க்கும்படி போடுங்கள். அக்ரிலிக் ஸ்வெட்டரைத் தரையில் பாய் விரித்துக் காயவைக்க வேண்டும், இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் வைக்கவே கூடாது. ஒருமுறை உருகித் தொய்ந்த பின்னல் திரும்ப எழும்பாது.