முட்டிக்குள் ஒரு கீல்

தே தாரிக் (இழுத்து ஆற்றும் டீ) கடையில் அண்ணன் எழுந்தபோது ‘டக்’ என்று ஒரு சத்தம். பக்கத்து மேசைக்காரர் குனிந்து நாற்காலியைப் பார்த்தார்.

நாற்காலி இல்லை, அவர் முட்டி.

17 வயதில் தொடை எலும்பின் கீழ்முனையில் புற்றுக்கட்டி. அந்தப் பகுதியை முட்டியோடு எடுத்துவிட்டு, கீல் போல மடங்கும் உலோக மூட்டு வைத்தார்கள். இப்போது தலை நரைத்துவிட்டது, காலும் இருக்கிறது, உலோகமும் இருக்கிறது. கீலுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் வளையம் (புஷ்) மட்டும் தேய்ந்து ஒருமுறை மாற்றியாயிற்று.

ஒருமுறை வைத்தால் ஆயுசுக்கும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இளவயதில் வைத்தவர்களுக்கு மறு அறுவை சிகிச்சை சகஜம். எலும்புக்குள் இறங்கும் உலோகத் தண்டு வருடம் போகப்போகத் தளரலாம். பழைய கீல் மடங்க மட்டும்தான் செய்யும். பிறகு வந்தவை கொஞ்சம் திரும்பவும் செய்வதால் தண்டின் மேல் முறுக்கு குறைகிறது.

பெரிய பயம் கிருமித்தொற்றுதான். மொத்தத்தையும் கழற்றி மறுபடி வைக்க வேண்டி வரலாம். சிலருக்குக் காலே போய்விடும். வாய்க் கிருமி ரத்தம் வழியே காலுக்குப் போய்விடுமோ என்று, அண்ணன் பல் டாக்டரிடம் போனாலும் வாயைத் திறந்ததும் முதலில் காலைப் பற்றித்தான் சொல்வார்!

“தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் 513 படியும் ஏறுவீங்களாண்ணே?”

“ஏறிடலாம்டா, எறங்குறதுதான் பாடு. நீ போய்ட்டு வா, நான் தண்ணீர்ப் பந்தல்ல மோர் ஊத்துறேன்.”