மியாட்டாவின் 14 அங்குல ரிம்முக்கு எந்த டயர்?

இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரான முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டா 1989 சிகாகோ கார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. அந்த 1.6 லிட்டர் காருக்குக் கம்பெனி போட்டுக் கொடுத்த டயர் 185/60ஆர்14 82எச். இதில் 185 டயரின் அகலம் மி.மீ.-ல், 60 அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரம் எத்தனை சதவீதம் என்பது, 14 ரிம்மின் விட்டம் அங்குலத்தில், 82 சுமை எண், எச் வேக எழுத்து. இன்று அந்த அளவில் நல்ல ஸ்போர்ட்ஸ் டயர் தேடுவது பெரிய வேலை. 14 அங்குல ரிம்கள் சிறிய குடும்பக் கார்களுக்கு உரியவை ஆகிவிட்டதால், கடைகளில் இருப்பது பெரும்பாலும் நீண்ட நாள் உழைக்கும் கெட்டி ரப்பர்தான். அளவு இல்லை என்றால் கடைக்காரர் 185/65, 195/60, 205/55 என்று பக்கத்து அளவுகளை எடுத்துப் போடுவார். எல்லாம் ரிம்மில் ஏறும். ஆனால் ஏறுவதெல்லாம் பொருந்தாது.

முதலில் பார்க்க வேண்டியது டயரை அல்ல, ரிம்மின் அகலத்தை. 1990 முதல் 1993 வரை வந்த கார்களில் அலாய், இரும்பு இரண்டுமே 5½ அங்குலம். 1994-ல் 1.8 இன்ஜின் வந்தபோது அலாய் ரிம் 6 அங்குலமானது. முப்பது வருஷத்துக்கு மேல் கை மாறிய காரில் எந்த ரிம் இருக்கும் என்று மாடல் வருஷத்தை வைத்துச் சொல்ல முடியாது. வீலைக் கழற்றி, பின்பக்கம் வார்ப்பில் பதிந்திருக்கும் அளவைப் படியுங்கள். டேப்பால் அளப்பதானால் டயரின் பீட் (ரிம்மைப் பற்றும் உள் விளிம்பு) உட்காரும் உள் முகத்திலிருந்து எதிர் உள் முகம் வரை அளக்க வேண்டும். 5½ அங்குலம் என்றால் 140 மி.மீ. வெளி விளிம்பிலிருந்து அளந்தால் ஏறக்குறைய ஓர் அங்குலம் கூடுதலாக வரும். 5½ ரிம்மை 6½ என்று எண்ணி 205 வாங்குவது இந்த ஒரு தவறால்தான்.

டயரின் மேல் எழுதியிருக்கும் அகலம், அதற்கென வகுத்த அளவு ரிம்மில் மாட்டிக் காற்றடித்தபின் வரும் அகலம். 185/60-க்கு அந்த ரிம் 5½. 195/60-க்கு 6. 205/55-க்கு 6½. ரிம் அரை அங்குலம் குறுகினால் டயரின் அகலம் சுமார் 5 மி.மீ. குறையும். ஆகவே 5½ ரிம்மில் 195 போட்டால் காகிதத்தில் 10 மி.மீ. கூடினாலும் வண்டியில் கிடைப்பது அதில் பாதிதான். 205 போட்டால் நிலைமை இன்னும் மோசம். 5½ என்பது அந்த டயருக்கு அனுமதித்த கடைசிக் கீழ் எல்லை. பக்கச்சுவர் வெளியே புடைத்து நிற்கும், ட்ரெட்டின் (சாலையைத் தொடும் ரப்பர்) நடுப்பகுதி மேலெழும்பி அங்கே முதலில் தேயும், ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் டயர் ஒரு கணம் நெளிந்த பிறகுதான் வண்டி திரும்பும். ஸ்டீயரிங் உணர்வுக்காகவே வாங்கப்படும் காரில் அதையே இழப்பது எந்தக் கணக்கிலும் லாபமில்லை.

அடுத்தது மொத்த விட்டம். 185/60ஆர்14-ன் விட்டம் 578 மி.மீ. (14 × 25.4, அதோடு 185-ல் 60 சதவீதம் இரண்டு தடவை.) 195/60ஆர்14 போட்டால் 590, அதாவது 2 சதவீதம் அதிகம், முள் 100 காட்டும்போது உண்மையில் 102. இது தாங்கக்கூடியது. உயரம் குறைக்காத காரில் உரசாது. ஸ்பிரிங் மாற்றித் தாழ்த்திய காரானால் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து, முன் வீல் வளைவின் உள் பிளாஸ்டிக்கில் தொடுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். 175/65ஆர்14 583 மி.மீ.; விட்டம் சரியாகவே வருகிறது, 5½ ரிம்மும் அதற்குப் போதும். பிடிமானம் கொஞ்சம் குறையும், ஆனால் நல்ல ரப்பர் என்றால் ஒதுக்கத் தேவையில்லை.

ஒதுக்க வேண்டியது 185/65ஆர்14. எண்ணில் ஐந்துதான் வித்தியாசம் என்று தோன்றும். விட்டம் 596 மி.மீ. ஆகிறது, 3.2 சதவீதம் கூடுதல். 1.6 காரின் டிஃபரன்ஷியல் விகிதம், அதாவது பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு எத்தனை சுற்றுச் சுற்றும் என்பது, 4.3. இந்த டயரைப் போட்டால் அதை 4.17 ஆக்கியதற்குச் சமம். 116 குதிரைத்திறன் இன்ஜினில் ஒவ்வொரு கியரிலும் அந்த இழுவைக் குறைவு காலுக்குத் தெரியும். கூடவே பக்கச்சுவரும் 9 மி.மீ. உயர்வதால் வளைவில் ஆட்டம் கூடும்.

சுமை எண்ணைப் பற்றிப் பயம் வேண்டாம். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும். ஒரு டன்னை எட்டாத கார் இது. இரண்டு பேர் ஏறினாலும் தாராளம். அதனால் கூடுதல் சுமை தாங்கச் செய்த 'எக்ஸ்ட்ரா லோட்' டயருக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண். அதன் தடித்த பக்கச்சுவர் இவ்வளவு எடை குறைந்த காரில் மடங்கிக் கொடுக்காது, பள்ளம் மேடெல்லாம் முதுகுக்கு வரும். வேக எழுத்து எச், அதாவது மணிக்கு 210 கி.மீ.; அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

மழை விஷயத்தில் இந்தக் காருக்கென்று ஒரு கணக்கு உண்டு. கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் உள்ள காற்றழுத்தம் 26 பிஎஸ்ஐ மட்டுமே. காற்றழுத்தம் குறையக் குறைய, தேங்கிய நீரின் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகமும் குறையும். டயரை அகலமாக்கினால் அதே எடை கூடுதல் பரப்பில் பரவி நீரை வெளியேற்றுவது இன்னும் கடினமாகும். சட்டம் கேட்கும் 1.6 மி.மீ. ட்ரெட் வரை காத்திருக்காமல் 3 மி.மீ. வந்ததுமே மாற்றுவது நல்லது. இரண்டு டயர் மட்டும் வாங்கினால் புதியவை பின்னால் போக வேண்டும். சக்கர இடைவெளி 2,265 மி.மீ. மட்டுமே உள்ள, பின்சக்கரத்தால் ஓடும் கார். நனைந்த சாலையில் பின்பக்கம் பிடி விட்டால் திருத்த நேரம் இருக்காது.

185/60-ல் நல்ல ரப்பர் கிடைக்கவே இல்லை என்றால், மஸ்டாவின் சொந்த ரிம்மிலேயே ஒரு வழி இருக்கிறது. இரண்டாம் தலைமுறை மியாட்டாவில் வந்த 15×6 ரிம் இதே 4×100 போல்ட் அமைப்பு (100 மி.மீ. விட்ட வட்டத்தில் நான்கு போல்ட்), இதே 54.1 மி.மீ. நடுத்துளை, வளையம் ஏதும் சேர்க்காமல் உட்காரும். அதில் 195/50ஆர்15 போட்டால் விட்டம் 576 மி.மீ., பழையதற்கு ஏறக்குறைய ஒன்றே. ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது காரில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம், 45 மி.மீ.-க்குப் பதில் 40. அகலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் ரிம்மின் வெளி விளிம்பு 11 மி.மீ. வெளியே வருகிறது, உள் விளிம்பு ஒரு மி.மீ. அளவே உள்ளே போகிறது. சஸ்பென்ஷனில் எதுவும் இடிக்காது. இழப்பது எடையில்: தொடக்கக் காலத்து 14 அங்குல ஏழு கம்பி அலாய் ஐந்தரைக் கிலோ அளவே. அது மிக நேர்த்தியான வார்ப்பு, விற்றுவிடாதீர்கள். முன் பிரேக்கை 270 மி.மீ. தட்டுக்கு மாற்றிய காரில் 14 அங்குல ரிம் நுழையாது என்பதால் அங்கே 15 தவிர வேறு வழியில்லை.

டயர் வந்ததும் மாட்டுவதற்கு முன் பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம். அதிகம் விற்காத அளவு என்பதால் கிடங்கில் கிடந்து கெட்டியான சரக்கு வர வாய்ப்பு அதிகம். பழைய ரப்பர் வால்வைக் கூடவே மாற்றச் சொல்லுங்கள். நட்டுகளை ஏர் கன்னால் இறுக்க விடாதீர்கள். கையால் குறுக்கு மறுக்காகச் சேர்த்து, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சில் 88 முதல் 118 நியூட்டன் மீட்டருக்குள் நிறுத்தி, நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மீண்டும் ஒரு முறை.

ஸ்டெப்னியை மறந்துவிடக் கூடாது. டிக்கியில் இருப்பது தற்காலிகமாக ஓட்ட மட்டுமான குறுகிய டயர், டி115/70டி14. அதன் விட்டம் 517 மி.மீ., மற்ற டயரைவிட 61 மி.மீ. சிறியது. லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (இரு பின்சக்கரங்களின் சுழற்சி வித்தியாசத்தைக் கட்டுப்படுத்துவது) உள்ள காரில் அதைப் பின்னால் போட்டு ஓட்டினால் இரு பக்கச் சுழற்சியும் ஒத்துப் போகாமல் உள்ளே இடைவிடாமல் உராய்ந்து சூடேறும். பின் டயர் பஞ்சரானால் முன்னிருந்து ஒரு நல்ல வீலைக் கழற்றிப் பின்னால் மாட்டி, ஸ்டெப்னியை முன்னால் போடுங்கள்.