பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல்

தோட்டத்தில் துரை பங்களாவைப் பார்த்து யாரும் வயிறெரிந்ததாக எனக்கு நினைவில்லை. தள்ளி அவ்வளவு பெரிய வீடு, முன்னால் புல்வெளி, வாசலில் மோட்டார் காடி. அது அவருக்கு எழுதி வைத்தது என்று விட்டுவிடுவார்கள். வயிற்றெரிச்சல் எல்லாம் ஒரே லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம்தான்.

என் அப்பா தென்னமரம் தோட்டத்தில் குலை வெட்டினார். 1917-ல் இந்த மலேசிய நாட்டில் முதன்முதலாக வணிகத்துக்குச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, போட்ட தோட்டம் அது. குலைக் கணக்கில்தான் காசு, அதனால் எந்த நிரை கிடைக்கிறது என்பதே பெரிய விஷயம். தண்ணீர் நிற்கும் நிரை என்றால் தள்ளுவண்டி சேற்றில் புதையும், பாதி நாள் அதிலேயே போய்விடும். பக்கத்து வீட்டுக்காரருக்கு நல்ல நிரை விழுந்தால் போதும், "மண்டோருக்குக் கோழி வாங்கிக் கொடுத்திருப்பான்" என்று வேலை பிரித்துக் கொடுக்கும் மேற்பார்வையாளரை இழுத்துப் பேச்சு கிளம்பும். கூலியை அப்படி நிர்ணயித்த ஆபீசைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

மனிதன் தன்னைப் போன்றவனோடுதான் தன்னை ஒப்பிட்டுப் பார்ப்பான் என்று 1954-ல் லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதினார். அதைப் படித்தபோது எங்கள் லயம்தான் கண்முன் வந்தது.

இப்போது பத்தாங் பெர்ஜுந்தை டவுனில் போட்டோகாப்பி கடை வைத்திருக்கிறேன். ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி வருஷங்கள் ஆகிவிட்டன, எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடிவு வரும் சமயத்தில் மெட்ரிகுலேஷன் என்ற பல்கலைக்கழக முன்படிப்புக்கும், அரசு உயர்கல்விக் கூடங்களுக்கான யூபியுவுக்கும் விண்ணப்பம் நிரப்ப அம்மாக்கள் பிள்ளைகளோடு வருவார்கள். அச்சடித்த தாளைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, "அக்கா, யாருகிட்டயும் சொல்லாதீங்க, கண்ணு பட்டுடும்" என்பார்கள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம். புதுக் காடிக்கு டயரடியில் எலுமிச்சம்பழம் வைப்பதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. அது யார் வழியையும் மறிப்பதில்லை. விண்ணப்பத்தின் கடைசித் தேதியை மறைப்பது மறிக்கிறது.

ஒரே தாமானில், அதாவது ஒரே குடியிருப்பில், ஒரே வகுப்பில் படித்த இரண்டு பெண் பிள்ளைகள். ஒருத்தியின் அம்மா என் கடைக்கு வந்து எல்லாம் முடித்துக்கொண்டு போனார். மற்றவள் வந்தபோது தேதி தாண்டிவிட்டது. கணினித் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள், அழவில்லை. "பக்கத்து வீட்டுல கேட்டேன் அக்கா, இன்னும் திறக்கலைன்னு சொன்னாங்க" என்றாள்.

அந்த அம்மா கெட்டவர் இல்லை. தன் மகளுக்குக் கிடைக்காமல் இவளுக்குக் கிடைத்துவிட்டால் என்ற பயம். ஆனால் பெர்லிஸிலிருந்து சபா வரை நாடெங்கும் பிள்ளைகள் போடும் விண்ணப்பம் இது. நம் தெருவில் ஒருத்தி குறைந்தால் யாருக்கு என்ன லாபம்? இவ்வளவு யோசிக்க அந்த எரிச்சல் விடுவதில்லை. எட்டத்தில் இருக்கும் ஆயிரம் பேர் அதன் கண்ணில் படமாட்டார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் படுவாள்.

இப்போதெல்லாம் தேதிகளைப் பெரிய எழுத்தில் எழுதிக் கடை வாசலில் ஒட்டிவிடுகிறேன். ஒருவர் வந்து, "இப்படி ஊருக்கே சொன்னா எப்படி?" என்று முகத்தைத் தூக்கினார். உட்காரச் சொல்லி, அவர் மகனின் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தேன். தாள் வாசலில்தான் இருக்கிறது.