படிவத்துக்கு முன்னால் லிஸ்ட்

ஷேர்பாயின்ட்டை (அலுவலகக் கோப்புகளையும் தகவல்களையும் ஆன்லைனில் பொதுவாக வைக்கும் மைக்ரோசாஃப்ட் தளம்) எங்கிருந்து தொடங்குவது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான். படிவத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் லிஸ்ட்டை, அதாவது தகவல்கள் வரிசை வரிசையாகச் சேரும் அட்டவணையை, கற்றுக்கொள்ளுங்கள். பலரும் நேராக, படிவம் கட்டும் கருவியான பவர் ஆப்ஸைத் திறந்து நிறம், லோகோ, பட்டன் என்று நாள்கணக்கில் உட்கார்ந்துவிடுகிறார்கள். நிரப்பிய தகவல் எங்கே போய்ச் சேரும், அதை யார் பார்ப்பார்கள் என்ற யோசனை கடைசியில்தான் வருகிறது.

எங்கள் தொழிற்சாலை கோவைப் பக்கம், பம்ப் உதிரிபாகங்கள் செய்கிறோம். மெஷின் நின்றுபோனால் எழுதும் பிரேக்டவுன் ரிஜிஸ்டரை ஆன்லைனுக்குக் கொண்டுவரும் வேலை என்னிடம் வந்தது. டீம்ஸ் ஏற்கெனவே எல்லோருடைய ஃபோனிலும் இருந்தது, ஆனால் மீட்டிங்குக்கும் சாட்டுக்கும் மட்டும்தான். டீம்ஸ் சேனலில் (குழுவுக்கான பொது இடம்) போடும் கோப்பு உண்மையில் அந்த டீமின் ஷேர்பாயின்ட் தளத்தில் இருக்கிறது, தனிப்பட்ட சாட்டில் அனுப்பும் கோப்போ அனுப்பியவருடைய ஒன்டிரைவில் (அவருடைய சொந்த ஆன்லைன் சேமிப்பிடம்) இருக்கிறது. இந்த வித்தியாசம் புரிந்தாலே பாதிக் குழப்பம் போய்விடும். சாட்டில் வந்த எக்செல்லை நம்பி ஒரு துறையே வேலை செய்கிறது என்று வையுங்கள், அனுப்பியவர் வேலையை விட்டுப் போய், அவருடைய கணக்கையும் நீக்கிவிட்டால் அந்தக் கோப்பும் போய்விடும். பொதுவான கோப்பு என்றால் சேனலில் போடுங்கள்.

சரி, லிஸ்ட்டுக்கு வருவோம். காலம் (நெடுவரிசை) உருவாக்கும்போது முதலில் ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல், சின்னப் பெயராக வையுங்கள். பிறகு காட்டும் பெயரைத் தமிழில் மாற்றிக்கொள்ளலாம். காரணம், முதலில் வைக்கும் பெயரிலிருந்து ஷேர்பாயின்ட் உள்ளுக்குள் ஒரு பெயரை உருவாக்கிக்கொள்கிறது, மேலே என்ன மாற்றினாலும் அந்த உள்பெயர் மாறாது. 'மெஷின் எண்' என்று நேரடியாகத் தமிழில் வைத்தால் ஒவ்வோர் எழுத்தும் அடிக்கோடும் எண்ணுமான ஒரு குறியீடாக மாறும். உள்பெயருக்கு நீள வரம்பு வேறு உண்டு என்பதால் பாதியில் வெட்டுப்படும். பிறகு பவர் ஆட்டோமேட்டில் (வேலைகளைத் தானாக நடக்க வைக்கும் கருவி) ஃபில்டர் எழுதும்போது எது எந்தக் காலம் என்று தெரியாமல் கண்கட்டி நிற்க வேண்டியதுதான்.

இன்னொன்று, ஒரு லிஸ்ட்டில் 3 கோடி வரிசைகள் வரை வைக்கலாம், ஆனால் ஒரு வியூ (லிஸ்ட்டில் தேவையானதை மட்டும் காட்டும் பார்வை) ஒரே நேரத்தில் 5,000 வரிசைகளுக்கு மேல் துழாவ வேண்டியிருந்தால் முரண்டு பிடிக்கும். தேதி, மெஷின் எண், நிலை ஆகிய காலங்களுக்கு லிஸ்ட் சின்னதாக இருக்கும்போதே இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அமைப்பு) போட்டுவிடுவது நல்லது. பவர் ஆப்ஸிலும் இதே மாதிரி ஒரு சங்கதி உண்டு. சில ஃபார்முலாக்களை ஷேர்பாயின்ட்டால் தன் பக்கத்தில் செய்ய முடியாது. அப்போது ஆப் முதல் 500 வரிசைகளை மட்டும் எடுத்துவந்து அதற்குள் தேடும். செட்டிங்கில் 2,000 வரை கூட்டலாம், அவ்வளவுதான். ஆப்பை உருவாக்குகிறவருக்கு ஒரு மஞ்சள் முக்கோணம் தெரியும். பயன்படுத்துகிறவருக்கு எதுவும் தெரியாது, பதிவே இல்லை என்றுதான் நினைத்துக்கொள்வார். அந்த முக்கோணத்தைப் பார்த்துவிட்டு அப்படியே கடந்து போகாதீர்கள்.

இப்போதுதான் படிவம். பழைய ரிஜிஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஷிஃப்ட் முழுக்க மெஷின் ஷாப்பில் நின்றேன். பன்னிரண்டு கட்டங்கள் அச்சிட்டிருந்த பக்கத்தில் ஆபரேட்டர்கள் உண்மையில் எழுதியது மெஷின், நேரம், என்ன கோளாறு, இவ்வளவுதான். மற்றவை மெயின்டெனன்ஸ் ஆட்கள் பிறகு எழுதுபவை, சில கட்டங்களை யாருமே எழுதியதில்லை. அங்கே இருந்த மூத்த ஃபிட்டர் ஒருவர் சொன்னார்: "தம்பி, டைப் பண்ணச் சொன்னா எவனும் பண்ண மாட்டானுங்க. கையெல்லாம் ஆயிலு. அமுக்குற மாதிரி வெச்சுக் குடுங்க." எனக்குத் தேவையான மொத்த வடிவமைப்பும் அதிலேயே இருந்தது.

அதனால் மெஷினில் ஒட்டிய க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் மெஷின் எண் தானாகவே நிரம்பியபடி படிவம் திறக்கும். இணைப்பின் முடிவில் எண்ணைச் சேர்த்து, ஆப்புக்குள் 'பாராம்' என்ற ஃபங்ஷனால் எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. கோளாறு வகைக்குப் பெரிய பட்டன்கள். 'மின்சாரம்' என்று அமுக்கினால் மட்டும் பேனல் பற்றிய கேள்வி வரும், இல்லையென்றால் அது கண்ணிலேயே படாது. நேரத்தையும் பெயரையும் கேட்கவே இல்லை, லிஸ்ட் தானே பதிந்துகொள்கிறது. சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டாயக் கேள்விகள் இரண்டே இரண்டு. கட்டாயமாக்கினால் தகவல் வரும் என்று மேலதிகாரிகள் நினைக்கிறார்கள், வருவது வெறும் புள்ளியும் கோடும்தான். யாருக்கும் பயன்படாத கேள்வியை ஒரு தொழிலாளியிடம் கேட்பது அவருடைய நேரத்தை மதிக்காத செயல் என்றே நான் நினைக்கிறேன்.

ஒப்புதலுக்கு பவர் ஆட்டோமேட். உதிரிபாகம் வாங்க வேண்டுமென்றால் மேனேஜருக்கு டீம்ஸிலேயே அப்ரூவல் போகும். ஒரு ஃப்ளோ (பவர் ஆட்டோமேட்டில் நாம் அமைக்கும் தானியங்கி வேலை) 30 நாளுக்கு மேல் காத்திருக்காது, நின்றுவிடும். ஆகவே மூன்று நாளில் பதில் வராவிட்டால் அடுத்தவருக்குப் போகும்படி ஆரம்பத்திலேயே அமைத்துவிடுங்கள்.

உங்கள் அலுவலகத்தில் மைக்ரோசாஃப்ட்டின் பழைய படிவ மென்பொருளான இன்ஃபோபாத்தில் செய்த படிவங்கள் இருந்தால் இதையெல்லாம் தள்ளிப்போட வழியில்லை. ஆஃபீஸ் 2003 காலத்தில் வந்த அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2013, அதற்கான ஆதரவு 2026 ஜூலை 14 வரைதான் என்று மைக்ரோசாஃப்ட் தேதி குறித்துவிட்டது. பழைய படிவத்தை அப்படியே பவர் ஆப்ஸுக்கு மாற்ற நேரடி வழியும் கிடையாது, புதிதாகத்தான் கட்ட வேண்டும். கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு படிவத்தையும் திறந்து, எந்தக் கட்டத்தை யார் நிரப்புகிறார்கள், யார் படிக்கிறார்கள் என்று அந்தந்தத் துறையில் போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.