தண்ணீர் உடையக்கூடாது

விமானத்தின் அலுமினியப் பாகத்தில் புது பெயின்ட் உரிந்து வந்தால் பெயின்டைக் குறை சொல்லாதீங்க. பெரும்பாலும் அடியில் எண்ணெயோ சிலிகானோ மிச்சம் இருந்திருக்கும்.

முதலில் துடைக்கணும், அப்புறம்தான் தேய்க்கணும். அழுக்கோடு உப்புத்தாள் போட்டால் கிரீஸ் கீறல்களுக்குள் இறங்கிவிடும். பிறகு எடுப்பது பெரும்பாடு.

எம்.இ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன்) என்ற கரைப்பானை டப்பாவிலிருந்து துணியில் ஊற்றுங்க. துணியை டப்பாவுக்குள் முக்கினால் கரைப்பான் முழுக்க அழுக்காகும். ஒரு கையில் நனைந்த துணி, மறு கையில் உலர்ந்தது. ஈரம் ஆவியாகும் முன்பே உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்கணும். தானாகக் காயவிட்டால் கரைந்த எண்ணெய் அங்கேயே மெல்லிய படலமாகத் தங்கிவிடும். துணியை அடிக்கடி மாற்றுங்க. பஞ்சு உதிராத வெள்ளைத் துணி நல்லது, அழுக்கு கண்ணுக்குத் தெரியும். கையுறையும் காற்றோட்டமும் அவசியம், பக்கத்தில் தீப்பொறி கூடாது. அக்ரிலிக் ஜன்னல்மேல் ஒரு சொட்டும் படக்கூடாது, வெடிப்பு விழும்.

தேய்க்க அலுமினியம் ஆக்சைடு தாள் எடுங்க. எஃகு நார் வேண்டவே வேண்டாம்: இரும்புத்துகள் அலுமினியத்தில் பதிந்து, ஈரம் பட்டதும் அரிப்பைத் தொடங்கிவைக்கும்.

கடைசியில் சுத்தமான தண்ணீரை ஊற்றிப் பாருங்க. ஒரே படலமாக 30 விநாடியாவது நிற்கணும். படலம் உடைந்து முத்து முத்தாகப் பிரிந்தால் திரும்பத் துடைக்கணும். ரிவெட் தலைகளையும் தகடு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் விளிம்புகளையும் தனியாகப் பாருங்க, எண்ணெய் அங்கேதான் ஒளிந்திருந்து பிறகு கசியும்.