பூமியின் நடுவே ஒரு இரும்பு உருண்டை

பூமியின் மையத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அங்கே ஓர் உட்கரு இருப்பதை 1936இல் கண்டு சொன்னார் டென்மார்க்கின் நிலநடுக்க ஆய்வாளர் இங்கே லேமன் (Inge Lehmann). 1929 நியூசிலாந்து நிலநடுக்கத்தின் அலைகள், வந்து சேரவே கூடாத இடங்களில் இருந்த கருவிகளிலும் மெல்லிய கோடுகளாகப் பதிவாகியிருந்தன. மற்றவர்கள் வேறு காரணம் சொல்லிக் கடந்துபோன அந்தக் கோடுகள், உட்கருவில் பட்டுத் திசைமாறி வந்த அலைகளுடையவை என்று புரிந்துகொண்டார் அவர். என்ன பொறுமை அந்தப் பெண்மணிக்கு!

உட்கருவில் இருப்பது பெரும்பாலும் இரும்பு, கொஞ்சம் நிக்கல். வெப்பம் 5,000 டிகிரி செல்சியஸுக்கும் மேல், கிட்டத்தட்ட சூரியனின் மேற்பரப்பு அளவு. அப்படியும் உருகவில்லை! வளிமண்டல அழுத்தத்தைப்போல் 30 லட்சம் மடங்குக்கும் மேலான அழுத்தம் அதை உருகவிடாமல் இறுக்கிப் பிடித்திருக்கிறது. சூரியனின் மையத்திலோ 1.5 கோடி டிகிரியில் ஹைட்ரஜன் ஹீலியமாகிக்கொண்டிருக்கிறது. எனக்கென்னவோ நம் காலடி இரும்புதான் பெரிய அதிசயம். அதைச் சூழ்ந்த உருகிய இரும்பின் ஓட்டத்தால்தான் பூமிக்குக் காந்தப்புலமே கிடைத்திருக்கிறது.